முற்றம் யாருக்கு உரியது?

செட்டியார்பட்டியில் நோயுற்ற ஒருவரை அழைத்துக்கொண்டு புறப்படுவோர் முதலில் இராஜபாளையத்தை நோக்குவர். அங்கே ஆகாதெனில் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கும் மேற்பட்டதெனில் மதுரை. இந்த வட்டாரத்தில் ஒரு விந்தையுண்டு. காயத்தைக் கட்டும் மருத்துவத் துணி பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படுகிறது. தீக்குச்சி இதே மாவட்டத்துச் சிவகாசியில் பிறக்கிறது. பீடியோ தெற்கே முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நம் தாய்மார்கள், சகோதரிகளின் மடித்தட்டில் சுற்றப்படுகிறது. இம்மூன்றும் ஒருசேரச் சந்திக்கும் இடம் மருத்துவமனை முற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் உறவினர் ஒருவருக்குத் துணையாக நாம் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. மகப்பேற்றுப் பிரிவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மகளை அறுவைக்காக உள்ளே கொண்டு சென்றிருந்தனர். நடுங்கும் கையால் பீடியைப் பற்றவைத்தார். காவலாளி வந்து, "அண்ணாச்சி, இங்க குடிக்கக் கூடாது, அணைச்சிருங்க" என்றார். பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூரைக்குக் கீழயா குடிக்கேன் தம்பி? வானத்துக்குக் கீழதான இருக்கேன்" என்றார்.

எழுத்தறியாத அம்முதியவர் கேட்டது சட்டம் படித்தோர் நெடுநாள் தடுமாறிய கேள்வியே. 2001 நவம்பர் 2இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைக் கட்டிடங்கள் உள்ளிட்ட பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுத்து ஆணையிட்டது. 2003இல் வந்த மத்தியச் சட்டமும் 'மருத்துவமனைக் கட்டிடங்கள்' என்றே கூறியது; போதாக்குறைக்குத் திறந்தவெளி பொது இடமாகாது என்றும் ஒரு வால் சேர்த்தது. வேப்பமரத்தடி தப்பித்துக்கொண்டது! 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளே, திறந்த அரங்கம், பேருந்து நிறுத்தம் போல மக்கள் வந்துபோகும் இடங்களைத் திறந்தவெளி எனக் கொள்ளலாகாது என்று அந்த வாலை நறுக்கின. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

சட்டம் சொல்லிவிட்டது, அறம் என்ன சொல்கிறது? நமக்கு இக்கேள்வி புதிதன்று. புகையிலை கெய்ரோவுக்கு வந்து சேர்ந்த 17ஆம் நூற்றாண்டில் அந்நகரின் மாலிகீ அறிஞர்களான இப்ராஹீம் அல்லகானீ அதைத் தடுக்கப்பட்டதென்றும், அலீ அல்உஜ்ஹூரீ அறிவை மயக்காதவரை ஆகுமானதென்றும் எழுதினர். இருவரும் ஒரே பள்ளியினர்! அன்று தீங்கு உறுதியாகியிருக்கவில்லை. இன்றோ, பிறர் விட்ட புகையால் மட்டுமே உலகில் ஆண்டுதோறும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. தன் உயிரைப் பற்றி ஒருவன் வழக்காடலாம். அடுத்தவன் உயிரைப் பற்றி வழக்காட அவனுக்கு ஏது உரிமை?

ஆயினும் வானத்தின் கீழ் புகை கலைந்துபோகுமே என்பார்க்கு விடை வேண்டும். சன்னலோரம் படுத்திருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு அது கலைவதில்லை என்பது ஒன்று. அதனினும் பெரிது வேறொன்று. அறுவை முடிந்தவன் புகைத்தால் புண் ஆறத் தாமதமாகும். விட்டுவிடு என்று மருத்துவர் சொல்ல, அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் விட்டிருக்கிறான். நாலாம் நாள் தாழ்வாரத்தில் நடக்கும்போது முற்றத்து வாடை மூக்கில் ஏறுகிறது. அத்துடன் முடிந்தது அவன் நோன்பு. முற்றத்தைத் துப்புரவாக வைப்பது அவனுடைய உறுதிக்குச் செய்யும் உதவி.

ஊழியர் நிலையும் இதுவே. பணியிடங்களை முற்றிலும் புகையற்றதாக்கியதன் விளைவைப் பற்றி 26 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியான மதிப்பாய்வு, புகைப்போர் விகிதம் 3.8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்ததென்றும், விடாதவர்களும் நாளொன்றுக்குச் சராசரி மூன்று சிகரெட் குறைத்துக்கொண்டனர் என்றும் கண்டது. சிறு எண்தான், ஆனால் நோயாளிக்குப் புத்தி சொல்ல வேண்டியவர்களிடத்தில் விளைந்த மாற்றம். மனநல மருத்துவமனைகளில் தடை விதித்தால் கலவரம் மூளும் என்று பலரும் அஞ்சினர். தெற்கு லண்டன் மனநல நிறுவனம் ஒன்றில் நடந்தது நேர்மாறு: உடல்ரீதியான தாக்குதல்கள் 39 விழுக்காடு குறைந்தன என 2017இல் ஆய்வு வெளிவந்தது. சிகரெட்டுக்காகக் கெஞ்சலும் காத்திருப்பும் மறுப்பும் பூசலுக்கு வித்தாயிருந்தன போலும்.

இவ்வளவும் தடையின் பக்கம். எனினும் நம் மனம் அந்தப் பெரியவரை விட்டு அகலவில்லை. இங்கிலாந்தில் 2013இல் மருத்துவமனை வளாகங்களையும் புகையற்றதாக்கப் பரிந்துரைத்தபோது, விடுவதற்கான மருந்தும் ஆலோசனையும் அங்கேயே தரவேண்டும் என்பதையும் உடன் சேர்த்தே சொன்னார்கள். நம் ஊரில் முதற்பாதியைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டோம். பலகை 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் குறையாதிருக்க வேண்டுமென்பது விதி. மறுபாதிக்கு அளவு குறிக்கப்படவில்லை. கதவடைத்த அறையில் பதவியுள்ளவர் புகைத்தால் யார் கேட்பது? அன்றிரவு மரத்தடியில் அதட்டிய காவலாளியே நள்ளிரவில் சுற்றுச்சுவரோரம் நின்று இழுத்துக்கொண்டிருந்ததையும் கண்டோம். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவருக்கும் எவரும் உதவியதில்லை.

இன்னுமொரு கூற்றை நாம் மறைத்தல் ஆகாது. முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை உண்டு. இத்தகைய நலப்பணிகளுக்காகப் பீடியின் மீது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்வை வசூலிக்கப்பட்டது. 2017இல் அது நீங்கியது. ஒருவன் புகைத்த காசில் இன்னொருத்தியின் இருமலுக்கு மருந்து! முற்றத்தில் பீடியை அணைக்கச் சொல்லும் நாம், அதைச் சுற்றும் கைகளுக்கு வேறு வேலை என்ன வைத்திருக்கிறோம் என்று நம் குடும்பங்களே கேட்டால் நாணித் தலைகுனிய வேண்டியதுதான். அதற்காக ஆஸ்துமாக்காரன் மூச்சைப் பணயம் வைக்கலாமா என்றால், கூடாது. இரண்டும் தனித்தனிக் கடன்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய இயலாது.

பெரியவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். சற்று நேரத்தில் எழுந்து வாயிலைக் கடந்து எதிர்ச்சாலைத் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். செவிலியர் வெளியே வந்து அவர் மகளின் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்று இருமுறை அழைத்தபோது மரத்தடியில் ஒருவருமில்லை. சாலையைக் கடந்து அவரை அழைத்துவர நாம்தாம் ஓடினோம்.