சாமியைப் படம் எடுக்கலாமா?

போன மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாகூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க் கோவிலுக்குப் போயிருந்தேன். தீர்த்தவாரிக்காக உற்சவர் அம்மனை வெளியே எடுத்து, புளி போட்டுத் துலக்கி, ஈரத்தோடு ஒரு பலகைமேல் வைத்திருந்தார்கள். பட்டும் மாலையும் இல்லாமல் அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒன்றரை அடி இருப்பாள். இடுப்பை லேசாகச் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு என்னை என்னவோ செய்தது. போனை எடுத்து நாலு படம் எடுத்தேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் மென்பொருள் ஆட்கள், ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். போகிற வருகிற இடத்தில் கண்ணில் படும் சிற்பம், தூண், பழைய வாசற்படி எதுவானாலும் அதில் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவோம். கடற்கரை காந்தி சிலையைச் சுற்றியுள்ள செஞ்சித் தூண்களைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். அம்மன் படத்தை ஊர்ப் பெயரோடு அதில் போட்டேன். சோழரா, விஜயநகரமா என்று அரை மணி நேரத்தில் விவாதம் சூடு பிடித்தது.

மறுநாள் சாயங்காலம் பூசாரி போன் செய்தார். "தம்பி, அம்மன் படம் எங்கியோ சுத்திக்கினு கீதாமே. ஊர் பேரு வேற போட்டிருக்காம். நீதான எடுத்த?"

"ஆமாங்க ஐயா."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "கதவுக்கு ஒரே ஒரு பூட்டுதான் தம்பி கீது," என்றார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கலை எல்லாருக்கும் பொது, பார்ப்பதால் எதுவும் குறைந்துவிடாது என்றெல்லாம் வாதாட எனக்குத் தெரியும். ஒரு பூட்டைக் காட்டினால் என்ன சொல்வது?

என் பக்கத்துக்கும் நியாயம் உண்டு என்று அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோவிலை நினைத்துக்கொண்டேன். பூசை நின்று, பூட்டிக் கிடந்த கோவில் அது. 2006இல் உள்ளே இருந்த செப்புத் திருமேனிகள் திருடு போயின. 2008இல், மிச்சமிருப்பவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அதே ஆண்டு, அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுபாஷ் கபூரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவர் ஸ்ரீபுரந்தன் நடராஜர்தான் என்பதற்குச் சான்றாக நின்றது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் அந்தக் கோவிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க வேண்டும். அதனால் ஒன்றைப் போல அச்சு அசலாக இன்னொன்று இருக்காது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார்.

ஆக, படம் எடுத்ததால்தான் சாமி வீடு திரும்பியது. வாதம் முடிந்ததா? முடியவில்லை. அதே வழக்கில் கபூரின் கோப்புகளிலும் புகைப்படங்கள் கிடைத்தன. திருடிய சூட்டோடு சிலைகளைக் கிடத்தி எடுத்தவை அவை. ஒரு படம் சாட்சி. இன்னொரு படம் சரக்கைக் காட்டும் விலைப்பட்டியல். கேமராவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? எண்ணம் நல்லதாக இருந்தால் போதும் என்று சொல்லத் தோன்றும். என் எண்ணமும் நல்லதுதான். ஆனால் ஒரு படத்தைக் கை மாற்றும்போது எண்ணம் கூடப் போவதில்லை. என் தொழிலில் இது தினசரிப் பாடம். போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். நான் அதையெல்லாம் யோசித்து, படமாகத்தான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, கீழே ஊர்ப் பெயரை நானே தட்டினேன்!

மறைத்து வைப்பதும் விடையில்லை. ஸ்ரீபுரந்தனை விடவா மறைத்து வைக்க முடியும்? யாருமே பார்க்காததால்தான் சாமி போனது இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தினம் விளக்கேற்ற ஒருவர் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே ஊர் கூடியிருக்கும். சிலையைக் காப்பது திரும்பத் திரும்பப் பார்க்கிற கண்தான். எங்களைப் போன்றவர்களின் பார்வையில் குறை அங்கேதான் இருக்கிறது. படம் எடுத்ததும் பார்த்து முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாகூர் மூலநாதர் கோவிலின் அடித்தளத்துச் சிறு சிற்பங்களை நான் நூறு படமாவது எடுத்திருப்பேன். அதில் ஒன்று நாளைக்குக் காணாமல் போனால் எது என்று என்னால் சொல்ல முடியுமா? சத்தியமாக முடியாது. என்னிடம் இருப்பது குவியல். பிரெஞ்சு நிறுவனத்திடம் இருப்பது ஊர், கோவில், தேதி என்று பெயரிட்டு அடுக்கிய நினைவு. 1956இலிருந்து சேர்த்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

பகிர்வது தப்பில்லை, பகிர்ந்துவிட்டு அகன்றுபோவதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றைப் பார்க்கும் உரிமையோடு, அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் கடமையில் ஒரு பங்கும் நம்மிடம் வந்துவிடுகிறது. கல்லில் செதுக்கி, நாள் முழுக்க வெயிலில் நிற்பதை எவ்வளவு வேண்டுமானாலும் பகிரலாம். ஒரே பூட்டுக்குள் இருப்பதை, பூட்டின் சாவியை வைத்திருப்பவரைக் கேட்காமல் பகிரக் கூடாது.

குழுவில் படத்தை அழித்தேன். ஆனால் அதற்குள் இரண்டு பேர் வேறு எங்கோ அனுப்பியிருந்தார்கள். அவற்றைத் திரும்ப வாங்க முடியாது.

திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்து, ஓர் அளவு நாடாவோடு போய் பூசாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்புறம், பின்புறம், பீடம் என்று ஒழுங்காகப் படம் எடுத்து, அளவோடும் தேதியோடும் பிரிண்ட் போட்டு உங்களிடமும் தர்மகர்த்தாவிடமும் கொடுத்துவிடுகிறேன், என்னிடம் எதுவும் இருக்காது என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் நடையைத் திறந்தார்.

நான் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.

"அத்த அப்புறம் எடுக்கலாம் தம்பி. முதுகாண்ட வா," என்றார். அம்மனின் வலது தோள்பட்டைக்குப் பின்னால் மிளகளவு ஒரு பள்ளம் இருந்தது. "முப்பது வருசமா அபிசேகம் பண்றேன். கண்ண மூடிக்கினு தொட்டாக்கூட இவதான்னு சொல்லிடுவேன். இத்த எடு."

எடுத்தேன். என்னுடைய பழைய நாலு படத்திலும் அந்தப் பள்ளம் இல்லை.