மீதி ஆறு எங்கே?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ப்ளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிற வீடா உங்களுடையது? அப்படியானால் 'போக்கா' என்ற வார்த்தை உங்கள் காதில் விழுந்திருக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாராகிற ஹூண்டாய் கார்கள் லட்சக்கணக்கில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போயிருக்கின்றன. கொரிய வார்த்தைகளோ கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. செல்போன் வழியாக நேரே நடுவீட்டுக்கே வந்துவிட்டன!

போக்கா என்றால் போட்டோ கார்டு. பாட்டு ஆல்பத்துக்குள் வைத்துத் தருகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் நட்சத்திரப் படம். 2010-ல் 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழுவின் ஆல்பத்திலிருந்து பரவிய பழக்கம். இதைச் சேர்ப்பவர்களின் பாஷை சுவாரஸ்யமானது. ரசிகராக இருப்பதற்குப் பெயர் 'தொக்ஜில்'. அதில் வருகிற 'ஜில்', கொரிய மொழியில் திருட்டைக் குறிக்கும் சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற விகுதி. பல நேரம் அதில் ஓர் இளக்காரம் தொனிக்கும். ரசிகராக உள்ளே நுழைந்தால் 'இப்தொக்', வெளியேறினால் 'தால்தொக்'. பொருள் வாங்கச் சேர்க்கும் காசுக்கு? 'ச்சோங்-ஆல்'. அதாவது, துப்பாக்கித் தோட்டா!

கவனித்தீர்களா? தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிற பாஷை இது. சுட்ட தோட்டா திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரியும். "ஏமாத்துறாங்கன்னு தெரியும்ப்பா, தெரிஞ்சேதான் வாங்குறோம்" என்று மகள் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? தெரிந்தே ஏமாறுவதில் தப்பு யாருடையது?

அவசரப்பட்டு "அந்தக் காலத்துல நாங்கள்லாம்..." என்று ஆரம்பிக்காதீர்கள். தண்டையார்பேட்டை தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் வாங்கியது யார்? கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியது யார்? ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிளாக்கில் வாங்கியவருக்கு என்ன படம் என்று தெரியும். ஆல்பம் வாங்குகிற பெண்ணுக்கு, உள்ளே யார் படம் என்று தெரியாது.

நான் பி.காம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஏழு பேர் குழு, ஆல்பத்துக்கு ஒரு கார்டு, ஏழு பேருக்கும் சம வாய்ப்பு என்று வையுங்கள். ஏழு ஆல்பம் வாங்கினால் பிடித்தவர் கிடைத்துவிடுவாரா? அப்போதும் மூன்றில் ஒருவருக்குக் கிடைக்காது! ஓர் ஆல்பமே சாதாரணமாக ஆயிரம் ரூபாயைத் தாண்டும். துறைமுகத்தில் ஓவர்டைம் பார்க்கிற அப்பாவின் வீட்டில் அது என்ன தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்த பிறகுதான் தெரியும் என்கிற சரக்குக்கு நம் ஊரில் பழைய பெயர் லாட்டரி. 'தெரிந்துதானே வாங்குகிறான்' என்று விட்டுவிடாமல், 2003 ஜனவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. ஆசைப்படுகிறவருக்கு விஷயம் தெரியும் என்பதால், அந்த ஆசையை வைத்தே பெட்டி கட்டி விற்பவரின் தப்பு கரைந்துவிடாது. முதல் தப்பு அங்கேதான்.

அப்படியானால் ரசிகருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. 2024-ல் டோக்கியோவின் ஷிபுயாவில் 'செவன்டீன்' குழுவின் புத்தம்புது ஆல்பங்கள் தெருவோரம் குவியலாகக் கிடந்தன. பாடியவர் மேல் உள்ள பிரியம், அவர் பாட்டையே குப்பையாக்கிவிட்டது. நம் பக்கம் குப்பை என்றால் கொடுங்கையூர். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் நாம்தான். இன்னொரு பக்கம், தனக்கு வந்த கார்டை, அதைத் தேடிக்கொண்டிருக்கிற முகம் தெரியாத யாருக்கோ மாற்றிக் கொடுக்கிறவர்களும் இதே ரசிகர்கள்தான். அது பேராசை, இது சிநேகம். இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒரே 'தொக்ஜில்'!

எனவே, மகளிடம் "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்காதீர்கள். பிரியத்துக்கு யாரால் காரணம் சொல்ல முடியும்? "உனக்குப் பிடிச்சது கிடைச்சிடுச்சு, சந்தோஷம். மீதி ஆறு எங்கேம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவள் பதில் தேட ஆரம்பித்தால், அவள் பிரியத்துக்கு விவரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.