தூரிகையும் கூலியும்

தேவதானத்து மலையைக் கரித்துண்டால் வரைந்து வந்தான் நம் மாணவன் ஒருவன். மலை நின்றது, முகில் நகர்ந்தது! படித்த நண்பரொருவரிடம் காட்டினோம். "சுவருக்கு வண்ணம் பூசுபவன் மகன்தானே! கைப்பழக்கம், கலையன்று" என்றார். கைக்கும் கலைக்கும் நடுவே கோடு கிழித்தவர் யார்?

சீனம் இக்கோட்டை நெடுங்காலம் போற்றிற்று. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோங் மன்னன் ஹுய்சோங் அவையில் ஓவியர்க்குத் தேர்வு உண்டு, பதவி உண்டு, ஊதியம் உண்டு. இறகும் இதழும் இம்மியும் பிசகாமல் தீட்டினர். மன்னனே கைதேர்ந்த ஓவியன். சு ஷி முதலான புலவர்களோ, உருவ ஒப்புமை பெரிதன்று, உள்ளமே ஓவியம் என்றனர். எழுதும் தூரிகையாலேயே மூங்கிலும் பாறையும் வரைந்து நண்பர்க்களித்தனர். விலை பேசுவது இழிவாம்!

அதில் பெருமை இல்லாமலில்லை. 1279இல் மங்கோலியர் சீனம் முழுவதையும் வென்றபின், செங் சிசியாவ் என்ற புலவர் ஆர்க்கிட் செடியை மண்ணின்றி வரைந்தார். மண்தான் பறிபோயிற்றே! 1306இல் அவர் தீட்டிய அத்தகைய ஓவியம் ஒன்று ஜப்பானின் ஒசாகா நகரில் இருக்கிறது. எந்த அரசவை அதற்குப் பொன் கொடுத்திருக்கும்?

ஆனால் தோழர்களே, விலை வேண்டாதவர் உண்டது யார் விளைத்த சோறு? புலவர் மரபே உயர்ந்ததென வகுத்துரைத்த தோங் சீச்சாங் உயர் அதிகாரி, பெருஞ்செல்வர். அக்குடும்பத்தின்மீது சினந்த மக்கள் 1616இல் அவர் மாளிகைக்கே தீயிட்டனர். அரக்குப் பூச்சு வேலையில் தொடங்கிய சியூ யிங்கோ, கூலிக்கு வரைந்தே மிங் காலப் பேரோவியர் நால்வருள் ஒருவரானார். கூலி அவர் கோட்டைக் கோணலாக்கவில்லை.

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மகேந்திரவர்மப் பல்லவன் 'சித்திரகாரப்புலி' என விருது பூண்டான். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக்குளம்: யானை, எருமை, மீன், அன்னம், மலர் கொய்யும் ஆடவர். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அக்குடைவரையைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று அங்கே செய்யுளில் பொறித்திருக்கிறார்கள். சாரத்தில் ஏறி, கழுத்து நோக, அண்ணாந்து தாமரை தீட்டியவன் பெயர் அக்கல்லில் இல்லை. நாமும் ஆசிரியரே, எண்ணுந்தோறும் நாணுகிறோம்.

படத்தின் அடியில் பெயரெழுதச் சொன்னோம், அம்மாணவனிடம். தந்தையின் பெயரை முதலில் எழுதினான். வரையக் கற்றுத் தந்தவர் அவராம்.