திண்ணைத் தோழர்களும் அஞ்சடிப் பிள்ளைகளும்



இரவில் கடையடைத்துத் திரும்புகையில், அஞ்சடியில் அட்டை விரித்துப் படுத்திருக்கும் பையன்களை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். கண்டவுடன் நாம் கேட்பது, "யார் பெற்ற பிள்ளை நீ? ஏன் ஓடி வந்தாய்?" என்பதே. பசியாறினாயா என்று கேட்போர் சொற்பம்.

நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்னே தந்தையார் மறைந்தார். ஆறு வயதில் தாயாரும், எட்டு வயதில் பாட்டனாரும் மறைந்தார்கள். பின்பு பெரிய தந்தை அபூதாலிப் வீட்டில் வளர்ந்தார்கள். 'வள்ளுஹா' சூராவில் அல்லாஹுத்தஆலா இதனை நினைவூட்டுகிறான். எத்தீமுக்குப் புகலிடம் தந்தது முதலில் வருகிறது. நேர்வழியும் செல்வமும் அதற்கடுத்தே வருகின்றன. நாமோ, நேர்வழிக்கு வந்தால்தான் இடம் என்கிறோம்!

கிப்லா மக்காவை நோக்கி மாறியபின், மதீனாப் பள்ளியின் வடபுறத்தில் பேரீச்சை ஓலை வேய்ந்த ஓரிடம் வீடற்றவர்க்கு விடப்பட்டது. அதுவே சுஃப்பா, திண்ணை என்போம். மேலாடைகூட இல்லாத எழுபது பேரை அங்கே கண்டதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவர்களும் அத்திண்ணைவாசியே. ஒரு நாள் பசி தாளாமல் வழியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சஹாபாக்கள் இருவர் விஷயம் விளங்காமலே கடந்து போனார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். இருந்தது ஒரு கிண்ணம் பால். திண்ணைத் தோழர்களையெல்லாம் அழைத்துவரச் சொல்லி, அவர்கள் குடித்தபின் அபூஹுரைராவுக்கும் கொடுத்து, மீதியைத் தாங்கள் கடைசியில் அருந்தினார்கள்.

ஆனால் திண்ணை வெறும் கஞ்சித் தொட்டியன்று. அங்கே குர்ஆன் கற்றார்கள். பிழைப்புக் கிடைத்தவர்கள் வெளியேறி வீடு வாசல் கண்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களே பிற்காலத்தில், உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில், பஹ்ரைனுக்கு அதிகாரியானார்கள்.

ஓடி வந்தவனுக்கு இடம் தந்தால் பெற்றோரை மதியாத புத்தி வளரும் என்று நம் ஜமாஅத்தில் சிலர் சொல்கிறார்கள். வாப்பா உம்மாவின் ஹக்கை நாம் மறுக்கவில்லை. சமாதானம் பேச வேண்டும். அதைப் பையன் வயிறு நிறைந்து ஓர் இரவு தூங்கிய பிறகு பேசலாமே. குடிவெறியில் பெல்ட்டால் அடிக்கும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சமாதானமாகாது. வீட்டிலேயே மானத்துக்குப் பயந்து ஓடி வந்த பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

நம் சங்கக் கட்டடத்தின் மேல்மாடி, கந்தூரி நாட்கள் தவிர வருஷமெல்லாம் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறக்கலாம். ஆனால் முறைப்படி திறக்க வேண்டும். தங்குமில்லம் நடத்த 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றால், 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி ஒரு வாரத்துக்குள் நல இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். பதிவு ஆகும்வரை, ஆபத்திலுள்ள பிள்ளையைக் கண்டால் 15999 என்ற அரசாங்க எண்ணுக்குத் தகவல் சொல்லலாம். பெண்பிள்ளைகளுக்கு இந்த மாடி தோதல்ல. தக்க பெண்கள் பொறுப்பில் தனியிடமே வேண்டும்.

18 வயது நிறைந்து அனாதை இல்லத்தை விட்டு வெளியேறும் பையன்களையும் மறந்துவிடக் கூடாது. கையில் ஒரு பை. வாடகை முன்பணத்துக்கு வழியில்லை. அவர்களுக்கு ஓராண்டாவது ஒரு கட்டில், ஒரு வேலை, சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் பழக்கம் தேவை. ஜக்காத்தை மாநில மஜ்லிஸ் வசூலிப்பதால், இச்செலவுக்கு நம் ஸதக்காவே ஆதாரம். பாய் தலையணை தருவோரும், மாலையில் மலாயும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் வாலிபர்களும், கடையிலோ பட்டறையிலோ வேலை பழக்க இசையும் முதலாளிமாரும் தங்கள் பெயர்களைச் சங்கக் காரியதரிசியிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.