இருட்டறையா, ஸ்கானரா?

இருட்டறைத் தட்டில், கரைசலுக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்லத் துலங்குவது அழகுதான், மறுப்பாரில்லை. ஆயின் முள்ளியவளையில் இக்கேள்வி அழகைப் பற்றியதன்று. 2009இல் முடிந்த போரில் வீட்டோடு ஆல்பங்களையும் இழந்த மண் இது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இல் முல்லைத்தீவில் போராட்டம் தொடங்கியபோது, அவர்கள் கையில் ஏந்தியவை பிள்ளைகளின் படங்களே. தப்பிய நெகட்டிவையும் புழுக்கமும் பூஞ்சணமும் தின்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு மறுபிரதியற்ற ஏடுகள் எரிந்ததைக் கண்ட நாம், ஒற்றைப் பிரதியை நம்பலாமா? முதலில் ஸ்கான் செய்க என்பேன்.

ஆனால், கீறலை நீக்குவதாகச் சொல்லி, அழிந்துபோன கண்ணைக் கணினியில் வரைந்து வைக்க எவருக்கு உரிமையுண்டு? பழைய ஸ்ரூடியோக்காரரும் பென்சிலால் நெகட்டிவைத் திருத்தியதுண்டு. அது கல்யாணப் படத்துக்கு. சாட்சியாக நிற்கும் முகத்தில் கீறலும் இருக்கட்டும். ஸ்கான் முடிந்ததென்று நெகட்டிவை எறியாமல், காகித உறையிலிட்டு ஈரம் படாத இடத்தில் வைக்கவேண்டும்.