பறவையின் இரணத்தை மறித்தவர் யார்?



எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் அவற்றுக்கிடையே சிறகடிக்கும் உயிர்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

தவக்குல் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஒரு ஹதீஸை எடுத்துச் சொல்கிறோம். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டிய முறையில் நாம் நம்பிக்கை வைத்தால், பறவைகளுக்கு உணவளிப்பது போல நமக்கும் அவன் உணவளிப்பான். அவை காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு, மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்புகின்றன என்பது அதன் கருத்து.

இதைக் கேட்கும் ஓர் இளைஞர் இப்படிக் கேட்கலாம்: "பறவைகளுக்கு அல்லாஹ் உணவளிக்கிறான் என்றால், எத்தனையோ பறவையினங்கள் ஏன் பூண்டோடு அழிந்து போயின?"

ஈமானில் பலவீனம் உள்ளவரின் கேள்வி என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. நியாயமான கேள்வி. குளிரில் இறக்கும் குஞ்சுக்கும் பருந்திடம் சிக்கும் புறாவுக்கும் அல்லாஹ் ஒரு தவணையை வைத்திருக்கிறான். அதைப் பற்றியல்ல இந்தக் கேள்வி. பல்லாயிரம் ஆண்டுகளாக உண்டு வாழ்ந்த ஒரு கூட்டம் முழுவதும் சில பத்தாண்டுகளில் பசித்தும் மாண்டும் போகிறதே, அது எப்படி என்பதே கேள்வி. இதற்கு விடை தேட உலகின் நான்கு மூலைகளிலுள்ள சில பறவைகளைப் பார்ப்போம்.

பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லை

பட்டைவால் மூக்கன் என்றொரு பறவை. கோழியை விடச் சிறியது. நீண்ட அலகால் சேற்றைக் கிளறி, புழுவும் சிப்பியும் தின்று வாழும். அது வட துருவத்தை ஒட்டிய அலாஸ்காவில் குஞ்சு பொரித்து, குளிர் வருமுன் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பறந்துவிடுகிறது. 2022 அக்டோபரில், உடலில் சிறு கருவி பொருத்தப்பட்ட ஒரு பறவை அலாஸ்காவில் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். 11 நாட்கள். வழியில் எங்கும் இறங்கவில்லை, உண்ணவில்லை, குடிக்கவில்லை. இறங்கவும் முடியாது, கீழே பசிபிக் பெருங்கடல், இந்தப் பறவையோ நீந்தும் இனமல்ல. அதற்கு அப்போது வயது ஐந்து மாதம்தான்!

புறப்படுவதற்கு முன்னால் அது என்ன செய்கிறது தெரியுமா? வாரக்கணக்கில் சேற்றில் நின்று தின்று தின்று, உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகச் சேர்க்கிறது. பிறகு அதன் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடுகின்றன. பயணத்தில் அவற்றுக்கு வேலையில்லை, வீண் சுமை எதற்கு! காற்று பின்னாலிருந்து தள்ளும் நாள் வரை காத்திருந்து, அதன் பிறகே கிளம்புகிறது.

இதுதான் தவக்குல். "வீட்டில் உட்கார்ந்திருப்பேன், என் ரிஸ்க் என்னைத் தேடி வரும்" என்று சொல்லும் ஒருவரைப் பற்றி இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அவர் கல்வியறியாத மனிதர் என்றார்கள். பறவைகள் காலையில் புறப்படுகின்றன என்ற நபிமொழியை அவர் கேட்கவில்லையா என்றும் வினவினார்கள். வயிறு நிரம்பியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, புறப்பட்டதை மறந்துவிடக் கூடாது.

ஆக, பறவை தன் பங்கைக் குறைவின்றிச் செய்கிறது. அப்படியானால் அதன் உணவு அதை வந்தடையும் வழி எது?

ஒருவரின் இரணம் இன்னொருவர் கையில்

அண்டார்டிகாவின் எம்பரர் பென்குயினைப் பாருங்கள். கடுங்குளிர் காலத்தில், பனிப்பாறையின் மேல், தாய் ஒரே ஒரு முட்டையிட்டு அதைத் தந்தையின் பாதங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. தந்தை அந்த முட்டையைத் தன் வயிற்று மடிப்பால் மூடியபடி ஏறத்தாழ 65 நாட்கள் நிற்கிறது. துணை தேடி வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அதன் பட்டினி ஏறத்தாழ நான்கு மாதம். உடல் எடையில் பாதிக்கு நெருக்கமாகக் கரைந்துவிடும்.

தாய் திரும்பி வருமுன் குஞ்சு பொரித்துவிட்டால்? மாதக்கணக்கில் உண்ணாத அந்தத் தந்தையின் உணவுக்குழலில் பால் போன்ற ஒரு திரவம் சுரக்கிறது. அதை ஊட்டிக் குஞ்சைச் சில நாட்கள் காப்பாற்றுகிறது. அந்தக் குஞ்சின் ரிஸ்க்கை அல்லாஹ் பட்டினி கிடந்த ஒரு தந்தையின் உடலுக்குள் வைத்திருந்தான்.

இன்னோர் அதிசயம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தேன்காட்டி என்று பெயர். தேனீக்கள் எந்த மரப்பொந்தில் கூடு கட்டியிருக்கின்றன என்று அதற்குத் தெரியும்; ஆனால் பொந்தைப் பிளக்கத் தெரியாது, தேனீக்களை விரட்டவும் முடியாது. மனிதனிடம் கோடரியும் நெருப்பும் இருக்கின்றன. ஆனால் கூடு இருக்கும் இடம் தெரியாது. மொசாம்பிக் நாட்டின் நியாஸா காட்டுப் பகுதியில் யாவோ மக்கள் தங்கள் முன்னோரிடம் கற்ற ஒரு தனி ஒலியை எழுப்புகிறார்கள். காட்டிலே சுதந்திரமாகத் திரியும் அந்தப் பறவை வந்து, மரத்துக்கு மரம் தாவி, அவர்களைக் கூட்டுக்கு அழைத்துப் போகிறது. மனிதருக்குத் தேன், பறவைக்கு மெழுகு. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தக் குறிப்பிட்ட ஒலியை எழுப்பும்போது பறவை வழிகாட்டும் வாய்ப்பு மற்ற ஒலிகளை விட ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது.

சிந்தியுங்கள். இவர்களின் தேன் பறவையின் அறிவில் இருக்கிறது. பறவையின் மெழுகு இவர்களின் கோடரியில் இருக்கிறது. கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் அவன் கொடுப்பது படைப்பினங்களின் கைகள் வழியாகவே வந்து சேர்கிறது. இந்த இடத்தில்தான் அந்த இளைஞரின் கேள்விக்கு விடை இருக்கிறது. கை வழியாக வருவதை ஒரு கை தடுத்துவிடவும் முடியும்.

வழியை அடைத்த கைகள்

வட அமெரிக்காவில் பயணிப் புறா என்ற இனம் இருந்தது. 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். கூட்டம் பறந்தால் பகலே இருண்டுவிடும். 19 ஆம் நூற்றாண்டில் அவை எங்கே கூடு கட்டியிருக்கின்றன என்று தந்தியில் செய்தி பறந்தது. வலையோடும் துப்பாக்கியோடும் வேட்டைக்காரர்கள் போனார்கள். கொன்ற பறவைகளைப் பீப்பாய்களில் அடைத்து ரயிலேற்றி நகரங்களில் விற்றார்கள். அவை உண்டு வாழ்ந்த காடுகளையும் வெட்டினார்கள். 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி நகர உயிரியல் பூங்காவில் கடைசிப் புறா இறந்தது. அவற்றுக்கு அல்லாஹ் வைத்த உணவு தீர்ந்துவிடவில்லை. மனிதனின் ஆசைதான் தீரவில்லை.

பட்டைவால் மூக்கனுக்கும் சோதனை வந்தது. வடக்கே திரும்பும்போது அது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்று நிலங்களில் இறங்கித்தான் மீண்டும் உடல் தேற்ற வேண்டும். கடந்த அரை நூற்றாண்டில் அந்தச் சேற்று நிலத்தில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளாகவும் துறைமுகங்களாகவும் வயல்களாகவும் மாறிவிட்டது. தென்கொரியாவில் மட்டும் 33 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பி, 2006 இல் ஒரு முகத்துவாரத்தையே கடலிலிருந்து அடைத்தார்கள். பறவை புறப்பட்டது. தன் பங்கைச் செய்தது. வந்து இறங்கிய இடத்தில் அதன் தட்டை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். எஞ்சிய சேற்று நிலங்களில் சிலவற்றை 2019 இலும் 2021 இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்திருப்பது ஆறுதல்.

நம் நாட்டுக்கு வருவோம். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் இந்தியாவெங்கும் கோடிக்கணக்கில் இருந்தன. 1992 க்கும் 2007 க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோனது. காரணம் 2004 இல்தான் தெரிந்தது. மாடுகளுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மலிவான மருந்து. அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. அல்லாஹ் அதற்கு உணவாக வைத்ததை நாம் அறியாமலே விஷமாக்கிவிட்டோம்.

அது கழுகோடு நின்றுவிட்டதா? பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நோய் பரவியது. கழுகுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் மதிப்பிட்டிருக்கிறார்கள். கண்டாலே நாம் முகம் சுளிக்கும் ஒரு பறவை, நம் பிள்ளைகளின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது!

மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதால் தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டுவிட்டது என்று சூரா ரூமில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அதை அவர்கள் சுவைத்துப் பார்த்தால் திரும்பி வரக்கூடும் என்பதே அந்த எச்சரிக்கையின் நோக்கம்.

"எல்லாம் விதி" என்று சொல்லலாமா?

சிலர் சொல்வார்கள்: "ஹழ்ரத், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படிதானே நடக்கிறது?" நடந்ததெல்லாம் அவன் அறிவுக்குள் நடந்ததுதான். ஆனால் செய்தவரிடம் கேள்வி இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல.

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தவித்தது. அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதைத் தவிக்கவிட்டவர் யார் என்று கேட்டார்கள். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

கவனியுங்கள். அந்தக் குஞ்சுகளின் விதி என்று நபியவர்கள் விட்டுவிடவில்லை. "யார்" என்று கேட்டார்கள். பிறகு திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பறவைக்காகக் கேட்கப்பட்ட இந்தக் கேள்வி, ஓர் இனமே அழியும்போது நம்மிடம் கேட்கப்படாதா?

பூனையைக் கட்டி வைத்துச் சாகடித்த பெண்ணின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவள் அதற்கு உணவு கொடுக்கவும் இல்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களை அதுவே தேடித் தின்ன அவிழ்த்து விடவும் இல்லை. இரண்டு கடமைகள் இதில் இருக்கின்றன. ஒன்று, கொடுப்பது. அது முடியாவிட்டால், வழியை விட்டு விலகி நிற்பது. அவள் நரகம் போனது இரண்டையும் செய்யாததால். உலகின் பறவைகளில் பெரும்பாலானவை நம்மிடம் முதலாவதைக் கேட்கவே இல்லை. இரண்டாவதை மட்டும்தான் கேட்கின்றன.

நம் கையில் யாருடைய இரணம் இருக்கிறது?

அன்பானவர்களே! மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருந்து விற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை அரசு 2006 இலேயே தடை செய்துவிட்டது. அசெக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவற்றுக்கும் 2023 இல் தடை வந்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மருந்து கிடைக்கிறது. கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். நீலகிரியை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டிக்கொண்டிருக்கின்றன. நம் தலைமுறையோடு அது முடிந்துவிடக் கூடாது. ஊர்க் குளத்தைத் தூர்த்து மனை போடும்போது, அதில் இரை தேடிய உயிர்களின் பங்கையும் யோசியுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்ற நன்மாராயம் நமக்கு இருக்கிறது.

பறவையோடு இது முடிவதில்லை. வேலை செய்தவரின் கூலியை இந்த மாதம் அடுத்த மாதம் என்று இழுக்கும்போது, அவர் வீட்டுக்குப் போக வேண்டிய இரணம் நம் பெட்டியில் முடங்கிக் கிடக்கிறது. சகோதரிக்கு அல்லாஹ் எழுதிக் கொடுத்த வாரிசுப் பங்கைத் தராமல் வைத்திருக்கும்போது, மஞ்சள் கடலில் எழுப்பியதைப் போன்ற ஒரு சுவரைத்தான் நாமும் எழுப்புகிறோம். ஜகாத்தைக் கணக்குப் பார்க்காமல் விடும்போதும் அப்படித்தான். "அவர்களுக்கு அல்லாஹ் கொடுப்பான்" என்று வாயால் சொல்லிவிடுகிறோம். அவன் கொடுத்துவிட்டான், அது நம் கையில் இருக்கிறது.

எனவே இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு கணக்குப் பாருங்கள். யாருடைய உணவு, யாருடைய உரிமை, யாருடைய வழி என்னிடம் தங்கி நிற்கிறது? நபியவர்கள் கேட்ட அந்த "யார்" என்ற கேள்விக்கு, மறுமையில் நம் பெயர் பதிலாக வந்துவிடக் கூடாது.

காலையில் பசியோடு புறப்படும் உயிர்கள் மாலையில் வயிறு நிரம்பித் திரும்ப உதவியாக நிற்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! பிறர் இரணத்தைத் தடுக்கும் பாவத்திலிருந்து நம்மையும் நம் சந்ததிகளையும் பாதுகாப்பானாக! தடுத்து வைத்திருப்பதை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!

ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!