குறையாததை எடுப்பதும் களவா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை எங்கும் பாடல் ஒலிக்கின்றது. ஒரு காலத்தில் இத்தகைய பக்திப் பாடல்கள் ஒலிநாடாக்களாய் விலைக்கு வந்தன, பின்னர் குறுந்தகடுகளாயின, அதன்பின் கைப்பேசிக் கடைகளில் சில ரூபாய்க்கு நூற்றுக்கணக்கில் மெமரி கார்டில் ஏற்றப்பட்டன. கிறிஸ்தவர்களாகிய நாமும் நம் பாடல்களை இவ்வாறே பெற்றோம். அதை எவரும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாகத் தெரியவில்லை.

அயலான் மரத்து மாங்காயைப் பறித்தால் மரத்தில் ஒன்று குறைகின்றது. பாடலை நகலெடுத்தாலோ மூலம் அப்படியே இருக்கின்றது. அப்படியிருக்க, ஏழாம் கட்டளையை நாம் மீறினோமா?

2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் பாடலொன்றை 99 சென்ட் விலைக்கு இணையவழி விற்கத் தொடங்கிற்று. 2006 பிப்ரவரிக்குள் 100 கோடிப் பாடல்கள் விற்றன. நேர்வழி எளிதாயின் மக்கள் அதில் நடப்பர் என்பதற்கு அது சான்று. நம் நாட்டில் ஃபிளிப்கார்ட் 2012-இல் தொடங்கிய 'ஃப்ளைட்' என்னும் பாடல் விற்பனை 2013-இலேயே நின்றது. சிறு தொகை செலுத்துவதில் இருந்த சிரமம் ஒரு காரணம். விலையின்றிக் கிடைத்த நகல்கள் மற்றொன்று. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதி செய்தது. விற்காத பாடலில் பங்கு ஏது? இன்று பதிவிறக்க விற்பனை தளர்ந்து, இணையத்தில் நேரடியாகக் கேட்பதே வழக்கமாகிவிட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை.

நாம் எடுத்தது பாடலையன்று, பாடியவரின் கூலியை. மூலம் குறையவில்லை, உழைத்தவர் வீட்டு உலை குறைந்தது.

இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே வழங்குமாறு ஆண்டவர் சீடருக்குக் கற்பித்தாரே எனலாம். அது கொடுப்பவருக்குச் சொன்னது. எடுப்பவருக்கு அளித்த உரிமையன்று. மத்தேயு நற்செய்தியின் அதே பத்தாம் அதிகாரத்தில், உழைப்பவர் தம் உணவுக்கு உரியவர் என்றும் அவரே மொழிந்தார்.

வாங்க வகையற்ற ஏழைச் சிறுவனை நாம் கள்வனெனச் சுட்டவில்லை. வகையிருந்தும் மனமில்லாத நம்மையே சுட்டுகின்றோம். பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு. நம் பாடற்குழுக்கள் அடுத்த பாடலைத் தொடங்குமுன், அதை இயற்றியவர் யார், அவருக்குரியது சேர்ந்ததா என ஒருமுறை வினவட்டும். கடன்பட்ட குரலினும் கடன் தீர்த்த குரல் இறைவன் திருமுன் இனிதாய் ஒலிக்கும்.